மொதல்ல ஒக்கார வையி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் விடிய வெகுநேரம் இருக்கும்போதே அடுப்பு எரியத் தொடங்கிவிடும். ஆறு மணிக்கு, அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். அம்மா கூடையை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது காலைச் சாப்பாடு முடிந்திருக்க வேண்டும், பகல் சாப்பாடு கட்டிக் கூடைக்குள் போயிருக்க வேண்டும். அதனால் நாலு மணிக்கெல்லாம் கத்திச் சத்தம் கேட்கும். வெளிச்சம் என்று இருந்தது ஒரு குப்பி லாம்பு. அதுவும் அடுப்பு மேட்டில், சட்டிக்குப் பக்கத்தில். அம்மா உருளைக்கிழங்கு வெட்டுவதோ கீழே தரையில், தன்னுடைய நிழல் விழுந்த இடத்தில். 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில் வேறு எங்கே உட்காருவது? மிலாறு நெருப்பு எழும்பினால் ஒரு கணம் கையும் கத்தியும் தெரியும். அடங்கினால் மறுபடி இருட்டு.

கவ்வாத்து முடிந்த மலையிலிருந்து கட்டிக்கொண்டு வரும் தேயிலைக் குச்சிகளைத்தான் மிலாறு என்போம். காய்ந்த மிலாறு சடசடவென்று பிடித்து எரியும், ஆனால் நின்று எரியாது. அந்த நெருப்பில் சமைக்கிறவர்களுக்கு எல்லாவற்றையும் வேகமாக முடிக்கும் பழக்கம் வந்துவிடும். கிழங்குத் துண்டு சிறியதாகவும் ஒரே அளவாகவும் இருந்தால்தான் குச்சிக் கட்டு தீர்வதற்குள் வேகும். ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வெட்டினால் சிறியது கரைந்துபோகும், பெரியது நடுவில் கல்லாகவே நிற்கும்.

அப்படியிருக்க, அந்த இருட்டில் உருண்டை உருண்டையான, ஈரமான, வழுக்கும் கிழங்கை அம்மா விரல் படாமல் ஒரே அளவாக எப்படி வெட்டினார் என்பதை இத்தனை வருடம் கழித்தும் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் கண்ணால் வெட்டவில்லை. கிழங்கின் ஒரு பக்கத்தில் வெற்றிலை கனத்துக்கு ஒரு சீவல். அவ்வளவுதான், கிழங்குக்கு ஓர் அடிப்பாகம் கிடைத்துவிடும். அந்தப் பக்கத்தைப் பலகையில் வைத்தால் அசையாது. பிறகு நீளவாக்கில் இரண்டு பாதி. ஒவ்வொரு பாதியும் வெட்டிய முகம் கீழே பார்க்கக் கவிழும். அதன் பிறகு நீளத்துக்கு இரண்டு கோடு, குறுக்கே நாலு கோடு. இடது கை விரல் நுனிகள் உள்ளே மடங்கியிருக்கும், கத்தியின் பக்கவாட்டு விரல் மொட்டியை உரசிக்கொண்டே இறங்கும். மொட்டி பின்னால் நகர நகரக் கத்தி தொடரும். எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு கனம் துண்டு. இதில் கண்ணுக்கு வேலையே இல்லை.

"மொதல்ல ஒக்கார வையி, பொறவு வெட்டு." கிழங்கைப் பற்றி அம்மா எனக்குச் சொன்ன முதல் பாடம் இதுதான்.

எனக்கு இந்த வேலை வந்ததற்குக் காரணம் உண்டு. அக்காவுக்கு வயது வந்ததும் தோட்டத்தில் பேர் பதிந்தார்கள், அவளும் மலைக்குப் போகத் தொடங்கினாள். பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு முதலில் வருகிறவன் நான். கொழுந்து நிறுத்து, கூடையைக் கொட்டி, அம்மா லயத்துக்கு ஏறிவரும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். அப்போது கிழங்கு வெட்டித் தண்ணீரில் கிடந்தால் அடுப்பை மூட்டியதும் கறியைக் கூட்டிவிடலாம். ஆண்பிள்ளை கையில் சமையல் கத்தி எதற்கு என்று அடுத்த காம்பராப் பாட்டி ஒருமுறை கேட்டார். "ஆம்பளப் புள்ள கெழங்கு வெட்டக் கூடாதுன்னு எந்தச் சாமி சொல்லுச்சு ஆயா? திங்கிறப்ப மட்டும் ஆம்பள பொம்பள பாக்குதா?" என்றார் அம்மா. பாட்டி அதோடு விட்டுவிட்டார்.

இவ்வளவு கிழங்கு எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டம் இலங்கையின் பதுளை மாவட்டத்தில், பண்டாரவளைக்கும் வெலிமடைக்கும் நடுவிலுள்ள மலைகளில் ஒன்றில் இருந்தது. மேலே தேயிலை, கீழே பள்ளத்தில் நாட்டுக்காரர்களான சிங்களக் கிராமத்தவரின் வயல். பெரும்போகத்தில் நெல் அறுத்த வயலிலேயே, சிறுபோகத்தில் தண்ணீர் குறைந்ததும், பாத்தி உயர்த்திக் கிழங்கு போடுவார்கள். நுவரெலியா குளிர்ந்த மேட்டு நிலக் கிழங்குக்குப் பேர் போனது; வெலிமடை, ஊவா பரணகமப் பக்கம் வயல் கிழங்கு. நாட்டுக்குள் உருளைக்கிழங்கு வர விடாமல் 1967இல் இறக்குமதியை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு வெலிமடைக்காரர்களுக்குக் கிழங்கு நல்ல காசு கொடுத்தது. 1970களில் யாழ்ப்பாணத்துக்கு வெங்காயமும் மிளகாயும் கிழங்கும் கொடுத்த வாழ்வை இங்கே இந்த ஒரு பயிர் கொடுத்தது. தோட்டத்தில் இருந்த எங்களுக்கு அந்தப் பத்து வருடங்களில் அரிசி இல்லை, மா இல்லை, பல வீடுகளில் அவித்த கீரையும் மரவள்ளியுமே சாப்பாடு. பள்ளத்தில் விளைந்த கிழங்கை மேலேயிருந்து பார்க்கத்தான் முடிந்தது என்று அம்மா சொல்வார். நான் கத்தி பிடித்த காலம் அதற்குச் சற்றுப் பிந்தியது.

ஆடி ஆவணியில் ஊவாவில் கச்சான் காற்று வீசும். காய்ந்த காற்று. அந்தக் காற்றில் கொழுந்து இறுகி, உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்கென்று தனி விலை கிடைக்கும் வாசம் ஏறும் என்பார்கள். ஆனால் கொழுந்து குறையும், வேலை நாளும் குறையும். கச்சான் ஓயப் போகும் காலத்தில் பள்ளத்தில் கிழங்குக் கிளப்பல் தொடங்கும். வேலை இல்லாத நாளில் அம்மாவும் லயத்துப் பெண்கள் சிலரும் நாள் சம்பளத்துக்கு இறங்கிப் போவார்கள். மம்பட்டி போடும்போது எத்தனை கவனமாக இருந்தாலும் சில கிழங்கு வெட்டுப்படும். வெட்டுப்பட்டதைச் சாக்கில் கட்டி லொறியில் ஏற்ற முடியாது. ஒன்று அழுகினால் சாக்கே அழுகும். அந்தக் கிழங்கைச் சம்பளத்தோடு சேர்த்து மடியில் கொட்டிக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது முக்கால்வாசி அதுதான். கொழும்புக்கு முழுக் கிழங்கு போனது, எங்களுக்கு வெட்டுக் கிழங்கு.

இதில் ஒரு வசதி இருந்ததை அம்மா கண்டார். மம்பட்டி வெட்டிய இடம் ஏற்கெனவே தட்டை. அழுக்குப் பட்ட முகத்தை மெல்லியதாகச் சீவிவிட்டு அப்படியே கவிழ்த்தால் கிழங்கு தானாக உட்காரும். முழுக் கிழங்குக்குச் செய்யும் முதல் சீவல் மிச்சம்.

தோல் உரிக்கும் வழியை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்த வயலின் சொந்தக்காரரான சிங்கள அம்மா. புதுக் கிழங்கின் தோல் காகிதம் மாதிரி இருக்கும், கத்தியே தேவையில்லை. நனைத்த சணல் சாக்குக்குள் கிழங்கைப் போட்டு, ஒரு பிடி மணலும் போட்டு, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு குலுக்கினால் தோல் உரசிக் கழன்றுவிடும். பிறகு ஓடையில் சாக்கோடு முக்கி எடுக்கலாம். நானும் தங்கையும் பீலிக்கரையில் இதைச் செய்வோம். வேலை என்றே தோன்றாது. கத்தியால் தோல் சீவினால் தோலோடு சதையும் கால்வாசி போகும். சாக்கில் உரைத்தால் ஒரு துணுக்கு சதை வீணாகாது. இது புதுக் கிழங்குக்கு மட்டுமே. சில வாரம் காற்றில் கிடந்து தோல் முற்றிவிட்டால் சாக்கு ஒன்றும் செய்யாது.

தோல் சீவ எளிய கிழங்கு, கடினமான கிழங்கு என்றும் இருந்தது. கண் ஆழமாகக் குழிந்திருந்தால் கத்தி முனையால் ஒவ்வொரு குழியையும் தோண்ட வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் சிவப்புத் தோல் கிழங்கு வரும், டெசிரே என்ற ஒல்லாந்து இனம். பின்னால் கிரனோலா வந்தது, ஜெர்மன் இனம். மஞ்சள் தோல், மஞ்சள் சதை, கண் மேலாகவே இருக்கும். பெயரெல்லாம் எனக்குப் பெரியவனான பிறகு தெரிந்தது. அம்மாவுக்குத் தெரிந்தது கண்ணின் ஆழம். பண்டாரவளை ஞாயிற்றுச் சந்தையில் குவியலைப் பார்த்ததுமே கட்டைவிரலால் ஒரு கிழங்கைத் தடவுவார். கண் குழி இல்லையென்றால்தான் விலை கேட்பார். காசு கொடுத்து வாங்கும்போது நேரத்தையும் சேர்த்துத்தான் அவர் கணக்குப் பார்த்தார்.

எங்கள் கத்தி அப்பாவுடையது. அப்பா கவ்வாத்துக்காரர். தேய்ந்துபோய்க் கழித்த கவ்வாத்துக் கத்தி ஒன்றைக் கொல்லன் பட்டறையில் கொடுத்து, வளைவை நிமிர்த்தி, நீளத்தைக் குறைத்து, கொய்யாக் கட்டையில் பிடி போட்டு அம்மாவுக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். இரும்பு நல்ல இரும்பு. துருப் பிடிக்கும், ஆனால் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் மயிர் சிரைக்கலாம். கருங்கல் வாசற்படி எங்களுக்குச் சாணைக்கல். அவசரத்துக்குப் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகு இல்லாத அந்த வளையத்தில் இழுப்போம். அதுவும் கூர் ஏற்றும். கத்தி மழுங்கியிருந்தால் அம்மா கிழங்கைத் தொடவே மாட்டார். மழுங்கிய கத்திதான் விரலை வெட்டும் என்பது அவர் கட்சி. அது முழு உண்மை. மழுங்கிய கத்திக்குப் பலம் கொடுக்க வேண்டும், பலம் கொடுத்தால் கிழங்கு விலகும், விலகினால் கத்தி போகும் இடம் நம் கையில் இல்லை.

எப்படி வெட்டுவது என்று காட்டியவர் அப்பா. ஒருநாள் நான் கத்தியை மேலேயிருந்து அழுத்தி டக் டக்கென்று இறக்குவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் குந்தினார். தேயிலை மாரில் கவ்வாத்துக் கத்தியை வைத்து அமுக்கினால் கிளை பிளந்துவிடும். பிளந்த இடத்தில் தண்ணீர் இறங்கித் தூர் அழுகும். அதனால் கத்தியைச் சாய்த்து வைத்துத் தன் பக்கம் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். "அமுக்காதடா, இழு. கத்தியோட நீளம் முழுசும் வேல செய்யணும்." அவர் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். கிழங்கு சத்தமே இல்லாமல் இரண்டாயிற்று.

இதற்கு ஒரு காரணம் உண்டு. உருளைக்கிழங்கில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர், மீதியில் பெரும்பங்கு மாச்சத்து. வெட்டும்போது உடையும் கண்ணறைகளிலிருந்து அந்த மா கசிந்து கத்தியின் கன்னத்தில் பசையாக ஒட்டிக்கொள்ளும். துண்டு கத்தியோடு மேலே வரும், அடுத்த வெட்டு இறுகும். அழுத்தி வெட்டினால் பசை அதிகம். இழுத்து வெட்டினால் குறைவு. பக்கத்தில் ஒரு சிரட்டையில் தண்ணீர் வைத்துக்கொண்டு அவ்வப்போது கத்தியை முக்கியெடுத்தால் ஒட்டவே ஒட்டாது. வெட்டிய துண்டு வாளித் தண்ணீருக்குள் போக வேண்டும், இல்லாவிட்டால் காற்றுப் பட்டுப் பழுப்பாகும். அந்தத் தண்ணீரைக் கொஞ்சநேரம் விட்டால் அடியில் வெள்ளையாக மா தங்கும். அம்மா தெளிவை ஊற்றிவிட்டு அந்த மாவைக் காயவைத்துப் பள்ளிக்கூடச் சட்டைக்குக் கஞ்சி போடுவார்.

பலகையும் தோட்டத்து வரவுதான். தேயிலை ஏற்றுமதிப் பெட்டி உடைந்தால் அந்தப் பலகை லயங்களில் கதவு அடைப்பாகும், கோழிக் கூடாகும், எங்கள் வீட்டில் வெட்டும் பலகையாகவும் ஆகியது. தளம் மேடு பள்ளமான மண் தரை. பலகை ஆடினால் மற்றதெல்லாம் வீண். நனைத்த சாக்குத் துண்டொன்றை மடித்து அடியில் போட்டால் பலகை ஆணி அடித்ததுபோல நிற்கும். இன்றைக்கு வீட்டில் கிழங்கு வெட்டச் சிரமப்படுகிறவர்களைப் பார்க்கும்போது முதலில் அவர்கள் பலகையைத்தான் பார்க்கிறேன். ஈரத் துணி போட்டிருக்க மாட்டார்கள்.

அம்மாவைப் பெற்ற அம்மாயி இதில் எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. அவருக்கு அரிவாமணைதான் ஆயுதம். நாமக்கல் பக்கத்திலிருந்து அவருடைய தாய் கொண்டுவந்த மணை அது. ஒரு காலை மடித்து மணையை மிதித்துக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டு கையும் கிழங்குக்கு. கத்தி அசையாது, கிழங்குதான் போய்வரும். இரண்டு கையாலும் பிடித்திருக்கும் பொருள் உருளுமா? வங்காளத்தில் இன்றும் பொன்டி என்ற இதே மாதிரி மணையில்தான் வீட்டுப் பெண்கள் கிழங்கு நறுக்குகிறார்கள் என்று பின்னால் படித்தபோது அம்மாயி முகம் நினைவுக்கு வந்தது. வீச்சு வீச்சாக, ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி, அவர் வறுவலுக்குச் சீவும் வேகம் கத்தியால் முடியாது. ஆனால் மணைக்கு வெளிச்சம் வேண்டும். கூர் நம்மைப் பார்த்து நிற்கும் கருவியில் இருட்டில் வேலை செய்ய முடியாது. அம்மாயி காலத்தில் அவர் வீட்டில் மலைக்குப் போகாத ஒரு பெரியவர் எப்போதும் இருந்தார், பகலில் நறுக்கினார்கள். அம்மா காலத்தில் வீட்டில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் பேர் போட்டிருந்தார்கள்.

அந்த மணை இப்போது கோத்தகிரியில் இருக்கிறது. 1964 ஒப்பந்தத்தில் எங்களைப் போன்ற 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் கணக்கெழுதின. அந்தக் கணக்குக்குள் பெரியம்மா குடும்பம் விழுந்தது, நாங்கள் விழவில்லை. பண்டாரவளை ஸ்டேசனில் கோச்சி ஏற்றி அனுப்பினோம். அந்தக் கோச்சிக்கு அழுகைக் கோச்சி என்றே பேர். தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் ஏறி, இராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் நீலகிரியில், தாயகம் திரும்பியவர்களுக்கென்று தமிழ்நாட்டு அரசு வைத்த தேயிலைத் தோட்டத்தில் மறுபடி கொழுந்தே எடுத்தார் பெரியம்மா. தட்டுமுட்டுச் சாமான் கட்டும்போது அம்மாயி மணையைத் துணியில் சுற்றி மூத்த மகள் பெட்டிக்குள் வைத்தார். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. மூத்தவளுக்குத்தான் அது சேரும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு இரவு கிழங்கு வெட்டவில்லை, ரொட்டிக்குச் சம்பல் மட்டும் அரைத்தார்.

பெரியம்மா எழுதிய கடிதங்களில் பாதி கிழங்கு பற்றியே இருக்கும். போன இடமும் கிழங்கு விளையும் மலை. ஊட்டிக் கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கு மூட்டை மூட்டையாக இறங்குவதையும், அங்கேயும் வெட்டுப்பட்ட கிழங்கைத் தோட்டத்து ஆட்கள் மலிவாக வாங்குவதையும் எழுதியிருந்தார். மணையின் அலகைப் பட்டறையில் ஒருதடவை மாற்றியதாகவும் ஒரு வரி இருந்தது. அம்மா அந்த வரியை என்னை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார்.

ஒவ்வொரு கறிக்கும் ஒரு வெட்டு. பால் கறிக்குப் பெரிய துண்டு, நாலாகப் பிளந்தது. தேங்காய்ப் பாலில் ஓரம் மட்டும் கரைந்து குழம்பைத் தடிப்பாக்க வேண்டும். கருவாட்டுக் குழம்புக்கு நீளவாக்கில், கருவாட்டுத் துண்டின் அளவுக்கே. பகல் சாப்பாட்டு ரொட்டிக்குள் வைக்கும் பிரட்டலுக்குச் சுண்டுவிரல் நகம் அளவுச் சதுரம். மலையில் நின்றபடி, ஒரு கையில் ரொட்டியைச் சுருட்டிக் கடிக்கும்போது கறி உதிரக் கூடாது. தீபாவளிக்கு ஆட்டிறைச்சி எடுத்தால் கிழங்கை இரண்டாக மட்டும் வெட்டுவோம். இறைச்சி பங்கில் குறையும், கிழங்கு அந்த இடத்தை நிரப்பும்.

மாசியும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளிக்கும் தெம்பராதுக்கு அவித்த கிழங்கு வேண்டும். அவிக்கும் கிழங்கைத் தோலோடு போட வேண்டும். போடுமுன் நடு இடுப்பில் கத்தி முனையால் சுற்றிவர ஒரு கோடு, தோல் அளவுக்கு மட்டும். வெந்ததும் தண்ணீரை மாற்றிப் பச்சைத் தண்ணீர் ஊற்றி, இரண்டு பக்கமும் பிடித்துத் திருகினால் தோல் இரண்டு தொப்பியாகக் கழன்று வரும். வெந்த கிழங்கைக் கத்தியால் வெட்டினால் மாவாகி உடையும் என்பதால் அக்கா நூலால் வெட்டுவாள். சட்டை தைக்கும் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையைக் கையில் இறுக்கி, கிழங்கை நடுவில் கொண்டுபோனால் துண்டு வழுவழுவென்று விழும். அதை எங்கே கற்றாள் என்று கேட்டிருக்கிறேன். அவளே கண்டுபிடித்ததாகச் சொன்னாள், நானும் நம்புகிறேன்.

வெயில் பட்டுப் பச்சை ஏறிய கிழங்கைப் பற்றி அம்மா கடுமையாக இருப்பார். பச்சை நிறத்தோடு சொலனின் என்ற நஞ்சும் ஏறும், அவித்தாலும் போகாது. சோற்றுக்கே தட்டுப்பாடான நாளிலும் பச்சைப் பாகத்தையும் முளைக் கண்ணையும் ஆழமாகத் தோண்டி எறிந்துவிட்டுத்தான் மற்றதைச் சட்டியில் போடுவார். வாடித் துவண்ட கிழங்கை மட்டும் எறிய விடமாட்டார். துவண்டதை வெட்டுவது பெரும்பாடு, கத்தியின் கீழ் நெளியும். அதை இரவே குளிர்ந்த தண்ணீரில் போட்டு வைத்தால் காலையில் விறைத்து நிற்கும், நறுக்கென்று வெட்டுப்படும்.

சுவிட்சர்லாந்தில் 1947இல் ரெக்ஸ் என்று ஓர் உருளைக்கிழங்குச் சீவி செய்தார்கள். குதிரை லாடம் போல வளைந்த தகடு, நடுவில் அசையும் அலகு. 2004இல் அதற்கு அந்த நாடு அஞ்சல் முத்திரைகூட வெளியிட்டது. நல்ல கருவி, என் வீட்டிலும் அதன் வழியில் வந்த ஒன்று இருக்கிறது. ஒரு சீவிக்கு முத்திரை அடித்த நாட்டை நான் மதிக்கிறேன். ஊவாவின் லயங்களில் குப்பி லாம்பு வெளிச்சத்தில் பெண்கள் கண்டுபிடித்து வைத்த இத்தனை வழிகளை எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். தேயிலைச் சாறு ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்துக் கறுத்த கைகள் அவை. நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளிவிட்டு வருகிற கையில் அழுத்தப் பலம் மிச்சம் இருக்காது. பலமே கேட்காத வெட்டு ஒன்றை அந்தக் கைகள் உண்டாக்கிக்கொண்டன.

1996இல் இறக்குமதிக்குக் கதவைத் திறந்தார்கள். வெளிநாட்டுக் கிழங்கு கழுவித் துடைத்து, ஒரே அளவாக, கடைக்கு வந்தது. வெலிமடை அறுவடைக் காலத்தில் வரியை ஏற்றச் சொல்லி விவசாயிகள் கேட்பதும் அதிகாரிகள் யோசிப்பதும் அதிலிருந்து ஓயவில்லை. அம்மா மட்டும் மண் ஒட்டிய கிழங்குதான் வாங்குகிறார். விரல் மூட்டெல்லாம் வீங்கி, போத்தல் மூடி திருகக்கூட என்னைக் கூப்பிடுகிறவர், கிழங்கை மட்டும் யாரிடமும் கொடுப்பதில்லை.

பெரியம்மாவும் அவரும் இப்போது கைபேசியில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். ஊட்டிக் கிழங்கா வெலிமடைக் கிழங்கா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. போன வாரமும் பெரியம்மா, குழம்பில் போட்டால் வாயில் கரைய வேண்டும், அதுதான் கிழங்கு என்றார். அம்மா விடவில்லை. "கரையிறதுக்கு எதுக்கு அக்கா கெழங்கு, மாவக் கரைச்சு ஊத்திருங்க. வெலிமடக் கெழங்கு வெட்டுன வெட்டு மாறாம நிக்கும், அத ரொட்டியில வச்சு மலைக்கி கொண்டு போவலாம்." மறுமுனையில் பெரியம்மா மணையை எடுத்துவரச் சொல்லிப் பேத்தியைக் கூப்பிட்டார், சீவிக் காட்டுகிறேன் பார் என்று.